யாழினிக்கு எந்த குரூப்

மே 20, செவ்வாய்

கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. இன்றும் வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கும் வேலை. எச்.எம். சார், பாட்டனி மேடம், நான், ஓர் ஆட்டோ. ஆட்டோவின் முதுகில் எங்கள் பள்ளியின் பேனர். காற்றில் அது கிழிந்து, போன வருடம் முதல் மார்க் எடுத்த பெண்ணின் முகம் பாதிதான் தெரிகிறது. அவள் அம்மா பார்த்தால் சண்டைக்கு வருவாள்.

ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் ஆதார் கார்டை எடுத்துவந்து நீட்டினார்கள். கணக்கெடுப்பு என்று நினைத்துவிட்டார்கள். எச்.எம். அதையும் வாங்கிப் பிறந்த வருடம் பார்த்தார். "பத்தாவது முடிச்ச புள்ள இல்ல போல" என்று திருப்பிக் கொடுத்தார். பாவம், மனிதர் அலுக்கவே மாட்டார்.

ப்ளஸ் ஒன் சேர்க்கை, இன்றைய நிலவரம்:
கணக்கு-கம்ப்யூட்டர் குரூப் - நிரம்பி வழிகிறது.
காமர்ஸ் - பரவாயில்லை.
ப்யூர் சயின்ஸ் - இரண்டு பேர் குறை.

என் பிழைப்பு அந்தக் கடைசி வரியில். ஆள் சேராவிட்டால் இந்த வருடம் ப்ளஸ் ஒன்னில் ப்யூர் சயின்ஸ் கிடையாது. பாட்டனிக்கு ஒருவர், ஜுவாலஜிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டாம். ப்ளஸ் டூ பிள்ளைகளை மேடமே பார்த்துக்கொள்வார். நான் ஜூனியர், ஆகவே உபரி. பூலாம்பாடி பக்கம் ஒரு பள்ளியில் ஜுவாலஜிக்கு ஆள் இல்லையாம், மாற்றுப்பணி போட்டு அங்கே அனுப்பிவிடுவார்கள். அரியலூர் எங்கே, பூலாம்பாடி எங்கே. பெரம்பலூர் போய் இன்னொரு பஸ்.

மத்தியானம் ஒரு வீடு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "அந்த குரூப்புல கணக்கு உண்டுங்களா டீச்சர்?"

"இல்லைங்க. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜுவாலஜி. கணக்கு கெடையாது."

"அப்ப எம் புள்ளைக்குத் தோதுதான். அவளுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்."

உள்ளே இருந்து ஒரு பெண் தலையை நீட்டி "ஆமாங்க மிஸ்" என்றாள். அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னும் ஒருத்தி போதும்.

கிளம்பும்போது அந்த அம்மா: "ஒங்க பொண்ணு எங்க படிக்குதுங்க?"

இந்தக் கேள்விக்கு எங்களில் பாதிப்பேர் தலை குனிவோம். நான் நிமிர்ந்தே சொன்னேன். "எங்க ஸ்கூல்லதாங்க, ஆறாவதுலேர்ந்து. இப்ப பத்தாவது முடிச்சிருக்கா."

"அது எந்த குரூப்பு?"

பாட்டனி மேடம் முந்திக்கொண்டார். "வேற எது, அவங்க அம்மா குரூப்புதான்."

சிரித்து வைத்தேன். யாழினியிடம் இன்னும் கேட்கவே இல்லை.

மே 21, புதன்

லீவு போட்டேன். தலைவலி. தெருவில் சிமெண்ட் லாரிகள் ஓய்வதே இல்லை. அவை ஓடினால்தான் இவருக்கு டயர் கடை ஓடும், அதனால் திட்டவும் முடியாது.

வாங்க வேண்டியது: உளுந்து, தேங்காய் எண்ணெய், இவருக்குப் பிரஷர் மாத்திரை, டிபன் பாக்ஸ் மூடிக்கு ரப்பர்.

மத்தி மீன் வந்தது. கழுவ உட்கார்ந்ததும் யாழினி வாசலுக்கு ஓடிவிட்டாள். குடலைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். சின்ன வயதில் நான் ஸ்பெசிமன் பாட்டிலில் வைத்த தவளையைக் காட்டியபோது மயங்கி விழுந்த ஜென்மம். ஜுவாலஜி டீச்சர் வயிற்றில் வந்து பிறந்திருக்கிறது.

ஆனால் கணக்கு. டயர் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் காலண்டரில் கிழித்த தாள் எதையும் இந்த வீட்டில் எறிய முடியாது. பின்பக்கம் முழுக்க அவள் கணக்கு. மே மாதத் தாளையும் மாதம் முடியுமுன் கிழித்துவிட்டாள், இன்று என்ன தேதி என்று போனில்தான் பார்க்கிறோம். இவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மகள் கேட்டால் கதவைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்.

சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். "அம்மா இதப் பாரேன். இவ்ளோ பெருசா ஆரம்பிச்சுது. எல்லாம் அடிபட்டு அடிபட்டுக் கடைசில வெறும் ரெண்டு. எவ்ளோ அழகா முடியுது பாரு."

"அழகுதான்" என்றேன். ஒன்றும் புரியவில்லை. பத்தாவதில் கணக்கில் கரையேறியது எப்படி என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது கேட்டேன். "ப்ளஸ் ஒன்ல என்னாடி எடுக்கப் போற?"

"மேத்ஸ்மா." பெயரைக் கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. "சரி, பாப்போம்" என்று அங்கிருந்தே சொன்னேன். திரும்பிப் பார்த்தால் தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

மே 22, வியாழன்

புழுக்கம். மழை வருவது போல் காட்டி ஏமாற்றிவிட்டது.

ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு. "ஒங்க பொண்ணு பேர எழுதுனா முடிஞ்சிது மேடம். எதுக்கு இந்த வெயில்ல அலையணும்?" பாட்டனி மேடம் கூடவே சொன்னது: "நல்லாப் படிக்கிற புள்ள. நீட் எழுதட்டும். டாக்டராவட்டும்." அந்தப் பிள்ளை மீன் கழுவினால் வாசலுக்கு ஓடுவதை எப்படிச் சொல்வது.

எச்.எம். தனியாகக் கூப்பிட்டார். நல்லவர். நேராகச் சொல்லச் சங்கடப்பட்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "டீச்சர், திங்கக்கெழம அட்மிஷன் லிஸ்ட் அனுப்பணும். ஒருத்தர்தான் கொறையுது. நான் ஒண்ணும் சொல்லல. வூட்ல பேசிப் பாருங்க."

பஸ்ஸில் வரும்போது யோசனை. பூலாம்பாடி என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும், இருட்டி வர வேண்டும். முதுகு தாங்காது. அதைவிட, அவள் ஆறாவதில் சேர்ந்ததிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். பள்ளிக்கூடக் கதை முழுக்க அந்தச் சீட்டில்தான் கேட்டிருக்கிறேன். யார் யாரோடு சண்டை, யார் வயதுக்கு வந்தாள், எந்த டீச்சர் புடவையை மாற்றிக் கட்டி வந்தார் - என்னையும் சேர்த்து. வீட்டுக்கு வந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போது அழுதுவிட்டேன். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இவர் வந்தார்.

"என்னா வசந்தி?"

எல்லாவற்றையும் சொன்னேன். எச்.எம். சொன்னது, பூலாம்பாடி, யாழினி மேத்ஸ் என்றது. கேட்டுவிட்டு இவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. செறுவாச்சூரு போயி பூ கேட்டுருவோம்."

இந்தக் குடும்பத்தில் எதற்கும் பூதான். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, பொட்டணமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. பூ கேட்டு முடிவானவை: இந்த மனை, டயர் கடை இடம், ஸ்கூட்டியின் நிறம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயும் கேட்டார்களாம். எந்தப் பூ வந்தது என்று மாமியார் கடைசிவரை சொல்லவில்லை.

எம்.எஸ்ஸி. படித்தவள் "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். எனக்குத் தேவையாக இருந்தது அது. நான் சொல்லாமல் வேறு யாராவது சொல்லட்டும்.

யாழினி அறையில்தான் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. தூங்கியிருப்பாள்.

மே 23, வெள்ளி

சிறுவாச்சூர். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு, அதனால் கூட்டம் நெரிசல். மாவிளக்குக்கு அரிசி இடிக்கிற சத்தம் ரோடு வரை கேட்டது. பெரம்பலூரில் பஸ் மாறும்போதே யாழினி சோர்ந்துபோவாள் என்று பார்த்தால், இன்று கலகலவென்று வந்தாள். நான்தான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளை - ப்யூர் சயின்ஸ். சிவப்பு - மேத்ஸ். இவர் சொன்னார், மூவரும் ஒப்புக்கொண்டோம்.

"நானும் யாழியும் பூ வாங்கிட்டு வரோம். நீ வரிசைல நில்லு" என்றார் இவர். போனவர்கள் வரவே இல்லை. தூரத்தில் பூக்கடை ஓரம் இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா மண்டையை மண்டையை ஆட்டுகிறார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். ஐஸ் கேட்கிறாள் போல என்று நினைத்தேன். வரும்போது வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிய இரண்டு பொட்டணம் கையில். ஐஸ் இல்லை. இவர் முகம் வேர்த்துக் கிடந்தது.

பூசாரி பொட்டணங்களைக் காலடியில் வைத்து எடுத்துத் தட்டில் போட்டார். பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் தட்டை நீட்டினார். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலை. அது ஒன்றைத் தொட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தது. பிரித்தார்.

வெள்ளை.

சந்தோஷம். மறைக்காமல் எழுதுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். அவ்வளவு சந்தோஷம். அந்தப் பள்ளி, அந்த லேப், அந்த பஸ் எல்லாம் என்னோடு இருக்கும்.

அப்புறம்தான் யாழினியைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மனே சொல்லிட்டாங்கம்மா. ப்யூர் சயின்ஸ்." அழுவாள், முகத்தைத் தூக்கிக்கொள்வாள் என்று பயந்திருந்தேன். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

தட்டில் இருந்த குங்குமம், எலுமிச்சம்பழம், பிரிக்காத பொட்டணம் எல்லாவற்றையும் அப்படியே ஹேண்ட்பேக்கில் கவிழ்த்துக்கொண்டேன்.

கரும்புச்சாறு குடிக்கும்போது இவர்: "அந்த இன்னொரு பொட்டணம் எங்க? தண்ணில போடணும்."

"எங்கயாவது வுழுந்திருக்கும்." எனக்கு ஞாபகமே இல்லை.

பஸ்ஸில் இன்னொரு தரம் கேட்டார். இவருக்கு இதெல்லாம் ரொம்பச் சுத்தமாக நடக்க வேண்டும்.

மே 24, சனி

எச்.எம்.முக்குக் காலையிலேயே போன். "ரொம்ப சந்தோஷம் டீச்சர், ரொம்ப சந்தோஷம்" என்று மூச்சுவிடாமல் சொன்னார். பாட்டனி மேடம் வாட்ஸப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பினார். பாட்டனி அல்லவா.

துணி ஊறப்போட்டது. அரிசி மிஷினுக்குப் போக நேரமில்லை.

மத்தியானம் ஹேண்ட்பேக்கில் ஏதோ வாடை. கவிழ்த்தேன். நசுங்கிய எலுமிச்சை. அதோடு அந்தப் பொட்டணம். குப்பையில் போடக் கூடாதே, செடியடியில் கொட்டலாம் என்று நாரைப் பிரித்தேன்.

நந்தியாவட்டை. வாடிப் பழுத்திருந்தாலும் அது சிவப்பு அரளி இல்லை என்று சொல்ல பாட்டனி மேடம் வர வேண்டியதில்லை. இதிலும் வெள்ளை.

பொட்டணத்தோடு நேரே கடைக்குப் போனேன். இவர் ஒரு லாரி டயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பொட்டணத்தை டயரின் மேல் வைத்தேன்.

"ரெண்டுலயும் வெள்ளையா?"

தலையை வெளியே எடுக்கவில்லை. "யாழி எங்க?"

"வூட்ல. சொல்லுங்க. நான் அழுதேன்னு அம்மன ஏமாத்துனீங்களா?"

வெளியே வந்து கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். அவதான் கேக்கல."

"எவ?"

"யாழி. வியாழக்கெழம நீ சொன்னதெல்லாம் கேட்டுட்டா. பூக்கடையில கையப் புடிச்சிக்கிட்டா. ரெண்டுலயும் வெள்ளையே கட்டுப்பான்னு. அம்மன் காரியத்துல வெளையாடக் கூடாதும்மான்னேன். அதுக்கு என்னா சொன்னா தெரியுமா?" சொல்லும்போதே இவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர். "ரெண்டும் வெள்ளன்னா நிகழ்தகவு ஒண்ணுப்பா, அம்மனாலகூட ஒண்ணும் பண்ண முடியாதுங்குறா."

"ஏன் அப்படிப் பண்ணுனாளாம்?"

"நாமளே வெள்ளன்னு சொன்னா அம்மா ஒத்துக்காது, எனக்காக வுட்டுக்குடுக்கிறியான்னு திட்டும். அம்மன் சொன்னாத்தான் நிம்மதியா இருக்கும்னா."

டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. வெளியே ஒரு டிரைவர் ஜாக்கி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

மே 25, ஞாயிறு

எதிலும் மனசு ஓடவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தரம். இவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். குற்றவாளி.

யாழினி பழைய ஜுவாலஜி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்புழுவின் உள்ளமைப்புப் படம். பென்சிலால் வரைகிறாள், அழிக்கிறாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு. படமே இவளைப் பார்த்துப் பரிதாபப்படும்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பொட்டணத்தை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

பார்த்தாள். "அப்பா சொல்லிட்டாரா?"

"பூவே சொல்லிருச்சு."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். சாமி விஷயத்தில் விளையாட்டா, அப்பாவைக் கெடுக்கிறாயா, உனக்கு யார் இந்தப் பெரிய மனுஷி வேலை கொடுத்தது. கேட்டது வேறு.

"மேத்ஸ் எடுத்தா என்னா ஆவும்னு யோசிச்சே?"

"நீ பூலாம்பாடி போவ. இருட்டுலயே கெளம்பணும். பஸ்ல ஒக்கார எடம் கெடைக்காது. ஒனக்கு முதுகு வலி. மாத்திரை போடுவ. மாத்திரை போட்டா ஒனக்கு வயிறு எரியும்." படபடவென்று சொன்னாள். எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். "ரெண்டு வருஷந்தானம்மா. கணக்கு எங்க ஓடிப் போவுது?"

"ஓடிப் போயிரும்டி" என்றேன். "ப்ளஸ் ஒன்ல கணக்க வுட்டா அப்புறம் காலேஜுல உள்ளயே வுட மாட்டான். நான் எத்தன புள்ளைங்களப் பாத்திருக்கேன். ப்ளஸ் டூ முடிச்சிட்டு, மிஸ் நான் மேத்ஸ் எடுத்திருக்கலாமேன்னு வந்து நிப்பாங்க. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப நீ?"

"எனக்கு வேலை போவாது. சம்பளம் போவாது. ஊருதான் மாறுது. அங்கயும் புள்ளைங்கதான் இருக்கும், தவளைதான் இருக்கும்."

"பஸ்ஸு?"

அவளும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். என் உயரம் வந்துவிட்டாள், மடியில் பாதிதான் அடங்குகிறது. எண்ணெய் வைக்காத தலை. நாளைக்கு வைத்துவிட வேண்டும்.

"நேத்து வெள்ளப் பூவப் பாத்ததும் எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?" என்றேன். "நீ சிரிச்சது பொய்ச் சிரிப்புன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும். பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

"நேத்து இல்லம்மா, முந்தாநேத்து."

இவளைத்தான் கணக்கு இல்லாத குரூப்பில் சேர்க்கப் பார்த்தேன்.

இவர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்க மாவிளக்கு போட வேண்டும் என்று நச்சரிக்கிறார். போடட்டும். மாவு அவரே இடிக்கட்டும்.

மே 26, திங்கள்

அட்மிஷன். மேகமூட்டம், ஒரு பொட்டு மழை இல்லை. யாழினிக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை. பத்தாவது முடித்தவளுக்கு இரட்டைச் சடையா என்று முணுமுணுத்தாள், ஆனால் தலையை நீட்டினாள்.

எச்.எம். ரூம். ப்யூர் சயின்ஸ் லிஸ்ட்டில் அவள் பெயரைக் கடைசியாக எழுதி, அடியில் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார். யாழினி சொல்லட்டும் என்று பார்த்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அவ மேத்ஸ்" என்றேன்.

எச்.எம். பேனாவை மூடினார். "டீச்சர், நீங்க சனிக்கெழம..."

"ஆமா சார். தப்பாச் சொல்லிட்டேன்."

"யாரு சொல்றது, நீங்களா, புள்ளையா?" யாழினியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எதும்மா வேணும்?"

யாழினி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மேப்பைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தால் மாற்றிச் சொல்லிவிடுவாள்.

"மேத்ஸ் சார்." சத்தமே இல்லை. பிறகு கொஞ்சம் பலமாக, "மேத்ஸ்."

அவர் ஒரு பெயரை அடித்தார். அடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பள்ளிக்கூடம் தொறந்தப்புறமும் யாராச்சும் வரலாம் டீச்சர். பாப்போம்" என்றார். ஆட்டோவும் பேனரும் எடுத்துக்கொண்டு தானே இன்னொரு சுற்றுப் போவாராம். நல்ல மனிதர்.

பாட்டனி மேடம் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் வந்து, தன் டிபன் பாக்ஸிலிருந்து அதிரசத்தை எடுத்து யாழினி கையில் வைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் யாழினி ஜன்னலோரம். பாதி வழியில், "அம்மா, அந்த மொட்டைப் பாப்பா ஒண்ணத் தொட்டுட்டு இன்னொண்ண எடுத்துச்சே, அப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றாள்.

"ரெண்டும் வெள்ளைதானடி, ஒனக்கு என்னா பயம்?"

"தெரியல. சேப்பு வந்துருமோன்னு ஒரு ஆசையா இருந்துச்சு."

ஜூன் 5, வியாழன்

பள்ளி திறந்து நாலு நாள். புதுசாக யாரும் வரவில்லை. ஒரு பையன் வந்தான், காமர்ஸ் கேட்டான். ப்யூர் சயின்ஸில் சேர்ந்த பிள்ளைகளை வேறு குரூப்புக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் பிரித்துவிட்டார்கள். கணக்கோடு ஏழாம் பொருத்தம் என்ற பெண் காமர்ஸுக்குப் போயிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ், இதுலயும் கணக்கு கம்மிதானாம்" என்றாள்.

லேப் சாவியை மேடமிடம் கொடுத்தாயிற்று. பாட்டில்களில் லேபிள் புதுசாக ஒட்டியாயிற்று. தவளைப் பாட்டிலைத் துடைக்கும்போது பழைய மயக்கம் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன்.

கேஸ் புக் பண்ண வேண்டும். இவருக்கு மாத்திரை தீர்ந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. திங்கள் முதல் பூலாம்பாடி பக்கம். இவர் சிறுவாச்சூரில் மாவிளக்கு போட்டுவிட்டு வந்தார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். உண்மையாகவே தானே இடித்திருக்கிறார். எண்ணெய் தடவிவிட்டேன்.

"அம்மன் என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பொண்ண நல்லாப் படிக்கச் சொன்னாங்க."

யாழினி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத் தாளும் போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

ராத்திரி மழை பெய்திருக்கிறது. ரோடு ஈரம். இருட்டோடு எழுந்து சோறு, புளிக்குழம்பு, முட்டைப் பொரியல். திரும்பினால் யாழினி யூனிபார்மில் நிற்கிறாள், பை தோளில்.

"ஒனக்கு ஏண்டி இந்நேரத்துக்கு?"

"ஒங்கூடத்தான் வரேன்."

"ஸ்கூல் கேட்டே தெறந்திருக்காதுடி."

"வாட்ச்மேன் இருப்பாரு. ஒக்காந்து கணக்கு போடுறேன்."

இவர் எங்களைப் பஸ் ஸ்டாண்டில் விட்டார். பெரம்பலூர் பஸ். இந்த நேரத்துக்குக் கூட்டமே இல்லை, சீட் எல்லாம் காலி. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தோம். இரண்டு வாரமாக மேத்ஸ் சார் எப்படி நடத்துகிறார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு கணக்கில் அவரையே திருத்தினாளாம். அவர் கோபப்படாமல் சாக்பீஸைக் கொடுத்து "நீயே போடு" என்றாராம். சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே என் தோளில் தூங்கிவிட்டாள். ஜன்னல் கம்பியில் இருந்த மழைத்தண்ணீர் அவள் சடையில் சொட்டிக்கொண்டு வந்தது. துடைத்தால் விழித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கூல் ஸ்டாப். எழுப்பினேன். எழுந்தாள். நானும் எழுந்தேன். பையை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்ப் படியில் கால் வைத்துவிட்டேன்.

"டீச்சர், நீங்க பெரம்பலூருன்னு டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

அவள் கீழே இறங்கி, என் டிபன் பையை வாங்க எப்போதும் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளுக்கும் உறைத்தது. நீட்டிய கையை அப்படியே ஆட்டினாள்.

"பாத்துப் போயிட்டு வாம்மா" என்றாள்.

விசில். பஸ் கிளம்பியது. பெரம்பலூர் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். சீட் காலியாகத்தான் இருந்தது.